மெழுகு பூசிய இடம்

சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு முதல்முறை போகிறவர்கள் படங்களில் கடலைத் தேடுவார்கள். தேடுவது நியாயம்தான். சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில், வங்கக் கடலை ஒட்டி, ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஒரு ஊரே அமைத்து அறுபது வருஷமாகக் குடியிருக்கிறார்கள் என்றால், அலையும் தோணியும் சூரியோதயமும் சுவரெல்லாம் தொங்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? உள்ளே போனால் காளை இருக்கிறது, கருடன் இருக்கிறது, ஜாதகக் கட்டம் இருக்கிறது, யந்திரம் இருக்கிறது. யாராலும் படிக்க முடியாத எழுத்து வரிவரியாக ஓடுகிறது. தாமிரத்தையும் பித்தளையையும் வெட்டிப் பற்றவைத்த உருவங்கள் கோயில் மூலவர்போல நேருக்கு நேர் நின்று நம்மைப் பார்க்கின்றன. கடலைக் காணோம். தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கலாம். ஆனால் கடலைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்களின் ஊர் இது என்று சொல்ல வாய் வராது.

பிறகு எதற்காகக் கடற்கரைக்கு வந்தார்கள்? பதில் அவ்வளவு கவித்துவமானதல்ல. அங்கே மண் மலிவாகக் கிடைத்தது. 1960களின் நடுவில் அந்தப் பக்கம் சவுக்கும் மணலும்தான், மின்சாரம்கூட வந்திருக்கவில்லை. இன்று ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை, என்று சொன்னாலே நினைவுக்கு வருகிற கேளிக்கைப் பூங்காவும் பங்களாவும் யார் கனவிலும் இல்லை. நிலையான சம்பளம் இல்லாத இளைஞர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கும் விலையில், பட்டணத்துக்குப் போய்வரும் தொலைவில் ஒரு நிலம் அமைந்தது. வாங்கினார்கள்.

கலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். பாணி, மரபு, நவீனம், இந்தியத்தன்மை என்று பேசுவதற்குப் பெரிய பெரிய விஷயங்கள் காத்திருக்கும்போது காணி விலையில் யார் நிற்பார்கள்? எனக்கென்னவோ கதையின் முடிச்சே அந்த விலையில்தான் இருக்கிறது என்று படுகிறது.

நிலம் வாங்கிய இளைஞர்கள் வந்தது பெரியமேட்டு ஓவியக் கல்லூரியிலிருந்து. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அந்தக் கல்லூரியின் வேர் 1850 வரை போகிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த பள்ளி அது. பானை, மரவேலை, உலோகவேலை, அச்சு என்று கைவினைஞர்களைப் பழக்குவதுதான் அன்றைய நோக்கம். காலம் போகப்போக ஓவியமும் சிற்பமும் மேல்தட்டுக்கு ஏறின. கைவினை கீழே நின்றது. மெரினாவில் நாம் தினம் கடந்துபோகிற உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அதன் முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பிறகு 1957இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்.

பணிக்கருக்கு முன்னால் இருந்த கேள்வி மிகவும் சாதாரணமானது. நல்ல பையன்கள் வருகிறார்கள், ஐந்தாறு வருஷம் படிக்கிறார்கள், வெளியே போகிறார்கள். போய்? அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிஞ்சியிருந்தவை டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பரக் கம்பெனி, சினிமா, நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் போடுவது. இவற்றில் எதுவும் கேவலமில்லை. ஆனால் காலையில் போய் இரவில் திரும்புகிறவன் கையில் தூரிகை பிடிக்கத் தெம்பு மிஞ்சாது. இரண்டு வருஷத்தில், ‘அவனும் ஒரு காலத்தில் நன்றாக வரைவான்’ என்று ஆகிவிடும். நம் தெருவில், நம் உறவில் இப்படி ஒருவராவது இருப்பார்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி பாத்திக். 1963 வாக்கில் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, மெழுகு காய்ச்சித் துணியில் சாயம் ஏற்ற ஆரம்பித்தார்கள். தோல்வேலை, உலோகவேலை, பானை வனைவது எல்லாம் கூடவே நடந்தன என்றாலும் அடுப்பை எரியவைத்தது பாத்திக்தான். அந்தத் துணிகள் விற்றன. சுவரில் மாட்ட ஒரு ஓவியம் வாங்கத் தயங்குகிற வீட்டில், அதே கை செய்த துணியை வாங்கத் தயக்கமில்லை. விற்ற பணத்தைச் சேர்த்துத்தான் இஞ்சம்பாக்கத்து நிலம். சுமார் பத்து ஏக்கர், ஏறக்குறைய முப்பது பேர். 1966இல் கிராமம் பிறந்தது. ஒரு ஜமீன்தார் தானம் கொடுக்கவில்லை, ஒரு அமைச்சர் அடிக்கல் நாட்டவில்லை. பணிக்கர் அதற்கு அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1977இல் இறக்கும்வரை அந்த மணலில்தான் இருந்தார்.

பாத்திக் எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதுத் துணியை முதலில் கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசுவார்கள். கஞ்சி இருந்தால் சாயம் பிடிக்காது. காய்ந்ததும் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். மெழுகு இரண்டு தினுசு. தேன்மெழுகு வளைந்துகொடுக்கும், துணியை விடாமல் பற்றிக்கொள்ளும். பாரஃபின் மொறுமொறுவென்று உடையும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் செய்கிறவருடைய கைப்பக்குவம். அடுப்பில் உருக்கி, புகைய ஆரம்பிக்கும் முன்னால் இறக்கி, சூடு ஆறுவதற்குள் தூரிகையால் பூச வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், பின்பக்கம் இறங்காது. சாயம் பின்வழியாகப் புகுந்துவிடும். சாயத்தொட்டி பச்சைத்தண்ணீராக இருக்க வேண்டும், வெந்நீர் பட்டால் மெழுகு இளகிவிடும். இளநிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போவார்கள். மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடத்தை மஞ்சளில் முக்கியபிறகு மெழுகால் மூடு, பிறகு சிவப்பில் முக்கு, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தை மூடு, கடைசியில் கறுப்பு. எல்லாம் முடிந்து வெந்நீரில் கொதிக்கவைத்து மெழுகை நீக்கி, மிச்சத்தைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து எடுத்தால்தான் என்ன செய்திருக்கிறோம் என்று செய்தவருக்கே தெரியும்.

சாதாரணமாக வரைகிறவன் நிறம் வேண்டிய இடத்தில் நிறத்தை வைக்கிறான். பாத்திக்கில் நிறம் வேண்டாத இடத்தைக் காப்பாற்றுகிறான். தூரிகை போகிற இடமெல்லாம் சாயத்துக்கு ‘இங்கே வராதே’ என்று சொல்லிக்கொண்டே போகிறது.

இந்த வேலையை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சோழமண்டலத்தின் ஏற்பாடு எனக்குப் புரிந்தது. பாத்திக் அவர்களுக்கு வருமானம் மட்டுமா தந்தது? ஓவியத்தின்மேல் பூசிய மெழுகாகவே அது இருந்திருக்கிறது. சந்தையின் சாயம் துணியில் ஏறட்டும், சட்டி பானையில் ஏறட்டும், தோல்பையில் ஏறட்டும், ஓவியத்தில் ஏறக்கூடாது. வாங்குகிறவருக்கு மயில் வேண்டுமென்றால் துணியில் மயில். சாயங்காலம் கான்வாஸ் முன்னால் உட்காரும்போது மயில் வரைய வேண்டிய அவசியம் இல்லை. யாருக்கும் பிடிக்காததை வரையலாம், யாருக்கும் புரியாததை வரையலாம்.

பணிக்கரே 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். கணக்குச் சூத்திரம், ஜாதகக் கட்டம், மலையாள எழுத்துபோல இருந்தும் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல், ஓரத்தில் ஒரு பறவை அல்லது பாம்பு. பழைய ஓலைச்சுவடியைப் பிரித்ததுபோல இருக்கும். வாசிக்கப் போனால் ஒன்றும் சொல்லாது. அந்த வருஷத்து மெட்ராஸில் இதை வாங்கி வரவேற்பறையில் மாட்ட யார் இருந்தார்கள்? விற்றாக வேண்டிய கட்டாயம் இருந்த கை இதை வரைந்திருக்குமா என்று யோசித்துப்பாருங்கள். சங்கமும் இந்த வரிசையும் ஒரே காலத்தில் தொடங்கியதை நான் தற்செயலாக எண்ணவில்லை. இதற்குச் சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை, ஊகம்தான். ஆனாலும் ஊகத்தை விட மனமில்லை.

கிராமத்தின் மற்ற கலைஞர்களையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். சுல்தான் அலி பம்பாயில் பிறந்தவர். பஸ்தர் பழங்குடிகளின் உருவங்களில் மனம் தோய்ந்து, காளையும் தேவதையும் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிய படங்களை இந்த மணலில் உட்கார்ந்து வரைந்தார். ஹரிதாசன் தந்திர மரபின் வடிவங்களுக்குள் போய் ‘பிரம்மசூத்ரா’ வரிசையைச் செய்தார். சேனாதிபதி புராணத்தை எடுத்துக்கொண்டு தன் கோட்டில் வளைத்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகத்தைப் பிடித்தார். தகடும் கம்பியும் பற்றவைத்து, அங்கங்கே எனாமல் ஏற்றி, முன்பக்கம் மட்டும் பார்ப்பதற்கென்றே சிற்பம் செய்தார். நாலு பக்கமும் சுற்றிவந்து பார்ப்பதுதான் சிற்பம் என்று மேற்கே சொல்லிக்கொடுத்ததை அவர் கேட்கவில்லை. கருவறைக்கு முன்னால் நின்று பழகிய கண்ணுக்கு முன்பக்கம் போதும். உப்புக்காற்றில் உலோகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வது எத்தனை தொல்லை என்று கடற்கரையில் ஜன்னல் கம்பி மாற்றிய எவரும் சொல்வார்கள். அந்தத் தொல்லையோடு 2017இல் மறையும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

பாத்திக் மெழுகில் ஒரு குணம் உண்டு. எத்தனை கவனமாகப் பூசினாலும் துணியைச் சாயத்தில் முக்கிப் புரட்டும்போது மெழுகு விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகச் சாயம் மயிரிழையாக உள்ளே போய்விடும். மூடிய இடம் முழுக்க மூடிய இடமாக இருப்பதில்லை. கிராமத்திலும் விரிசல் விட்டது.

ஓவியர் ராமானுஜத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராஸ்காரர். குள்ளமான ஆள், பேச்சுத் திக்கும். உலகம் கேட்கிற எந்தக் கெட்டிக்காரத்தனமும் அவரிடம் இல்லை. பேனாவும் மையும் கொடுத்தால் போதும்: மாடம் மாடமாக அரண்மனை, கோபுரம்மேல் கோபுரம், பறக்கும் தேர், படமெடுத்த பாம்பு, அரம்பையர் கூட்டம், அதற்கு நடுவே தொப்பி வைத்த ஒரு சின்ன மனிதன். அந்த மனிதன் அவரேதான். வெளியில் கிடைக்காத ராஜ்யத்தைக் காகிதத்தில் செங்கல் செங்கல்லாகக் கட்டிக்கொண்டார். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இருட்டைத் திரட்டும். நடுவில் விட்ட வெள்ளைதான் வெளிச்சம். பணிக்கர் அவரைக் கண்டுகொண்டார், கிராமம் இடம் கொடுத்தது. அப்படி ஒரு இடம் இல்லாதிருந்தால் அந்தப் படங்களில் பாதிகூட நமக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் 1973இல், முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலத்தில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கூரையும் சோறும் கூட்டாளிகளும் தருவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அதைச் சொல்லாமல் கிராமத்தைப் புகழ்வது அவருக்குச் செய்கிற துரோகம்.

வேறு விரிசல்களும் உண்டு. கிராமத்து ஓவியர்களில் விஸ்வநாதன் 1968லேயே பாரிஸுக்குப் போய்விட்டார். வாசுதேவ் பிற்பாடு பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். போனவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அதிலும் விஸ்வநாதன் கதை வேடிக்கை: பாரிஸில் குடியேறியபிறகு இந்தியாவின் கடற்கரை நெடுகப் பயணம் செய்து இடத்துக்கு இடம் மணல் சேகரித்தார், ‘மணல்’ என்றே ஒரு படமும் எடுத்தார். மணலிலேயே குடியிருந்தவர்களுக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்ற வேண்டியிருக்கவில்லை.

கடலை ஒட்டிய ஊர் என்று சொல்லிவிட்டு, கடலில் போகிறவர்களைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. சோழமண்டலத்துக்கு வந்தவர்கள் கலைக்கல்லூரியிலிருந்து வந்தவர்கள். கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று பல திசை. கரையில் ஏற்கெனவே ஒரு சித்திர வேலை நடந்துகொண்டிருந்தது, இன்றும் நடக்கிறது. அதற்குக் கண்காட்சி கிடையாது. படகுகளுக்குப் பெயர் எழுதுகிற வேலையைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கரையோரக் குப்பம் ஒன்றில் அப்படி எழுதுகிற ஒருவரோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர். கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அடியோடு துடைத்துவிட்டது, மிஞ்சியது படகு. கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட்டுகள் பெருகியபிறகு அவருக்கு வேலை வருகிறது.

“ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமேண்ணே, எதுக்கு எழுதணும்?” என்று கேட்டேன்.

“ஒட்னா ரெண்டு மாசம் சார். உப்புத்தண்ணி சும்மா வுடாது. ஓரமா லேசா தூக்கும், அப்பறம் வல உரசும், முட்ச்சிது கத. பெயின்ட்டுன்னா ரெண்டு சீசன் நிக்கும்.”

ஃபைபர் வழவழப்பானது, பெயின்ட் பிடிக்காது. அதனால் எழுத வேண்டிய இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிக்கொண்டார். ஈரத்துணியால் துடைத்தார். நூலில் சாக்பீஸ் பொடி தடவி, ஒரு முனையைப் பையனைப் பிடிக்கச் சொல்லி, சுண்டினார்; வெள்ளைக்கோடு விழுந்தது. படகின் முன்பக்கம் வளைவு. நேர்க்கோட்டில் எழுதினால் தூரத்திலிருந்து எழுத்து சரிந்து விழுவதுபோலத் தெரியும். அதனால் முனைக்குப் போகப்போக எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அகலத்தையும் கூட்டிக்கொண்டே போனார். அளக்கவில்லை. பத்தடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வந்தார். ‘அந்தோணியார் துணை’. மஞ்சளில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்தார். நிழல் எல்லா எழுத்துக்கும் வலது கீழ்ப்புறமே விழ வேண்டும். ‘ணி’யின் சுழிக்குள் நிழல் எங்கே நிற்கும், எங்கே மறையும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பதிவு எண்ணைத் தனியாக, அரசாங்கம் சொன்ன மாதிரி, ஒரு அலங்காரமும் இல்லாமல் எழுதினார். அதை எழுதும்போது முகத்தில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை.

எல்லாம் முடிந்து பணம் பேசி வாங்கியபிறகு, மிச்சமிருந்த சிவப்பில் பின்பக்கத்து உள்சுவரில் ஒரு மீன் போட்டார். கரையிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. எஞ்சின்காரர் உட்காருகிற இடத்துக்கு நேரே இருந்தது. செதிலுக்குப் பதில் சின்னச் சின்னப் பிறைகள். வாலை மட்டும் மயில்தோகைபோல விரித்திருந்தார். படகுக்காரர் இதைக் கேட்கவில்லை, இதற்குக் காசும் இல்லை.

“இது எதுக்குண்ணே?”

“பெயின்ட் மிஞ்சிச்சி” என்றார்.

மிஞ்சியது பெயின்ட் மட்டுமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. சோழமண்டலத்தின் இளைஞர்கள் மெழுகு காய்ச்சிச் சம்பாதித்ததும் இதைத்தான்: மிச்சம். கேட்டதைக் கேட்டபடி செய்துகொடுத்தபிறகு கையில் நிற்கிற கொஞ்சம் நேரம், கொஞ்சம் சாயம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு பரப்பு. முழுநேரமும் கலைக்கே கொடுத்தால்தான் கலை வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படிக் கொடுக்க முடியாதவர்கள் குற்றவுணர்ச்சியில் தூரிகையையே தொடாமல் விட்டுவிடுகிறார்கள். முழுநேரத்தைவிட மிச்சநேரம் பெரிது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மீனின் வால் விரிந்த மாதிரி அந்தோணியார் எழுத்து விரியவில்லை. இரண்டும் ஒரே கை, ஒரே மணி நேரம்.

படகுக்குப் பெயர் எழுதுகிறவருக்கும் கிராமத்துக்காரருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயர் எழுதுகிறவர் தனி ஆள். இன்றைக்கு வேலை வந்தால் உண்டு. படகுகள் மேட்டில் ஏறியிருக்கும் மாதங்களில் பெயின்ட் வேலை குவியும், மற்ற மாதங்களில் கொத்தனாருக்குக் கையாளாகப் போவார். அவருடைய மிச்சம் ஒரு மீனுக்குத்தான் போதும். அவர் பெயர் எழுதுகிற படகு அப்படி இயங்குவதில்லை. கரைக்கு வந்ததும் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கும் வலைக்கும் பங்கு, ஆளுக்கு ஆள் பங்கு என்று பிரிப்பார்கள். மீன் படாத நாள் எல்லோருக்கும் படாத நாள்தான். ஒருவன் மட்டும் மூழ்குவதில்லை. கடற்கரையில் இது புதிய தத்துவம் ஒன்றுமில்லை, காலங்காலமான கணக்கு.

சோழமண்டலத்துக்காரர்கள் கடலை வரையவில்லை. ஆனால் கடற்கரையின் கணக்கை, தெரிந்தோ தெரியாமலோ, எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விற்ற துணியின் பணம் தனித்தனிப் பைகளுக்குள் மட்டும் போயிருந்தால் ஆளுக்கு ஒரு மாத வாடகை கிடைத்திருக்கும், மறுமாதம் தீர்ந்திருக்கும். சேர்த்துவைத்ததால் வாடகையே இல்லாத இடம் வந்தது. பகலில் ஓவியனின் உயிரைத் தின்பது பெரும்பாலும் வாடகைதான். அது போனால் தேவையில் பாதி போகிறது. தேவை குறைந்தவனிடம் ‘மயில் வரை’ என்று மிரட்ட யாருக்கும் பிடி கிடைக்காது. ஒருவன் மட்டும் தன் தேவையைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டார் அவனை உதவாக்கரை என்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள், இரண்டு வருஷத்தில் அவனே மனம் உடைந்து வேலைக்குப் போய்விடுவான். முப்பது பேர் சேர்ந்து குறைத்துக்கொண்டபோது வீடு வந்தது, பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், ஆளுக்கொரு திசையில் வரைந்தார்கள். கலைஞனின் சுதந்திரத்தைத் தனி மனிதனின் வீரமாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இஞ்சம்பாக்கத்தில் அது கூட்டு முதலீடாக இருந்தது.

இன்றைக்கு இதை அதே இடத்தில் செய்ய முடியுமா? முடியாது. அந்தச் சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால் ஓவியர் என்ன, டாக்டரே யோசிப்பார். பாத்திக் விற்று வாங்கிய மணல் இன்று அதில் வரைந்த படங்கள் பலவற்றைவிட விலை போகும் என்பதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. கிராமத்துக்குள் 2009இல், இந்த ஓவியர்கள் சேர்ந்த மெட்ராஸ் இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். சிற்பத் தோட்டம் இருக்கிறது, காபி கிடைக்கிறது, சனி ஞாயிறில் கல்லூரிப் பிள்ளைகள் சிற்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அவர்களில் ஒருவராவது ஒரு காளைக்கு முன்னால் இரண்டு நிமிஷம் அதிகம் நின்றால் லாபம்தான்.

ஆனால் இன்று கல்லூரியிலிருந்து வெளியே வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். சினிமாவில் ஆர்ட் டைரக்டருக்குக் கீழே செட் போடுகிறார்கள், அபார்ட்மென்ட் குழந்தைகளுக்கு டிராயிங் வகுப்பு எடுக்கிறார்கள், கல்யாண மண்டபத்து வாசலில் தெர்மாகோல் வெட்டுகிறார்கள், ராத்திரி கம்ப்யூட்டரில் லோகோ செய்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திக் இருக்கிறது, திறமைக்கும் குறைவில்லை. சம்பாதிப்பதை மேடவாக்கத்திலும் பல்லாவரத்திலும் தனித்தனி வீட்டுக்காரருக்கு ஒன்றாம் தேதி கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு பொதுக்கணக்கு திறந்ததாக நான் கேள்விப்படவில்லை. திறந்தாலும் அது ஒரு பட்டறைக் கூடமாகவோ, இரண்டு பேருக்கு ஆறு மாத வாடகையாகவோதான் முதலில் முடியும். அதுவே பெரிது. அறுபதுகளிலும் நிலம் முதலில் வரவில்லை. சங்கம் தொடங்கி மூன்று வருஷம் மெழுகு காய்ச்சியபிறகுதான் வந்தது.

என்னைக் கேட்டால் அந்த அருங்காட்சியகத்தில் பணிக்கர் படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்து வரவுசெலவு நோட்டு எங்காவது ஒரு பரண்மேல் மிஞ்சியிருந்தால் அது. எத்தனை கஜம் துணி, எத்தனை கிலோ மெழுகு, எந்தக் கண்காட்சியில் என்ன விற்றது, யார் பங்கில் எவ்வளவு பொதுவுக்குப் பிடித்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் பிரித்துவைத்தால், காபி குடிக்க வருகிற அந்தப் பிள்ளைகளுக்குப் படங்களைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.